முன்னால் போன வண்டி ஏறிவிட்டால் போதுமா?

ஜூன் 8, வாசகர் கேள்வி

மழையோடு மழையாக ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கிற) வண்டிகளின் கிளப்பில் மண் தடத்தில் ஒருநாள் பயணம் போனோம். முன்னால் போனது சாதாரண டயர் போட்ட வண்டி. அது சிரமமே இல்லாமல் மேட்டில் ஏறிவிட்டது. பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் மட் டயர் (சேற்றுக்கென்று செய்தது), வின்ச் (மாட்டிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்) எல்லாம் வைத்துக்கொண்டும் அதே மேட்டில் மாட்டிக்கொண்டார்கள். கருவியெல்லாம் வெறும் அலங்காரம், ஓட்டத் தெரிந்தால் போதும் என்றுதானே அர்த்தம்?

ஜூன் 8, இரவு

அப்படி அர்த்தம் இல்லை. முதல் வண்டி ஏறிய மேடு வேறு, எட்டாவது வண்டி ஏறிய மேடு வேறு.

நான் பெரும்பாலும் கடைசி வண்டி. யாராவது வாலில் வந்தாக வேண்டும், எனக்கு அது பழகிப்போயிற்று. அங்கிருந்து பார்த்தால் நடப்பது நன்றாகத் தெரியும். முதல் வண்டிக்குக் கிடைப்பது புல், சருகு, வேர், மேல்மண்ணில் பதிந்த சிறுகல். டயர் அதையெல்லாம் பற்றிக்கொண்டு ஏறிவிடும், போகிற போக்கில் கிழித்தும் விடும். இரண்டாவது வண்டிக்குப் பாதிப் புல்தான் மிச்சம். நான்காவது வண்டிக்கு வெறும் களிமண், அதுவும் முன்னால் போன சக்கரங்கள் தேய்த்து மெழுகிவிட்ட களிமண். ஆறாவது வண்டி வரும்போது இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்து, அதில் தண்ணீர் ஓட ஆரம்பித்திருக்கும். எட்டாவது வண்டிக்கு ஆக்சில் இரண்டு பள்ளத்துக்கும் நடுவே மிஞ்சிய மேட்டில் உரசும். அந்த நேரம் பார்த்து மேலே நிற்கிற முன்வண்டிக்காரர் ரேடியோவில் "ஒன்றுமில்லை, செகண்ட் கியரில் மெதுவாக வந்துவிடுங்கள்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஏறியபோது அப்படித்தான் இருந்தது.

ஜூன் 8, கொஞ்சம் கழித்து

ஓட்டத் தெரிவது முக்கியமில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கேள்வி மட்டும்: மாட்டிக்கொண்டவர்களில் எத்தனை பேர் தாமாக நின்றார்கள், எத்தனை பேர் முன்வண்டி நின்றதால் நிற்க வேண்டி வந்தது? ஈர மேட்டில் நடுவழியில் நின்ற வண்டி மறுபடி கிளம்புவது பெரும்பாடு. முன்வண்டி உச்சிக்குப் போய் "ஏறியாயிற்று" என்று சொல்லும்வரை அடுத்த வண்டி அடிவாரத்தில் நிற்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்த விதி. மழை பலத்ததும் முதலில் காற்றில் பறப்பதும் இதுதான், ஏனென்றால் எல்லாருக்கும் அவசரம்.

ஜூன் 9

மேட்டைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 15 டிகிரி சரிவில் ஒரு வண்டி நகர வேண்டுமென்றால், சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) குறைந்தது 0.27 வேண்டும். அதுவும் நான்கு சக்கரமும் வேலை செய்தால். இரண்டு சக்கரம் மட்டும் தள்ளினால் கிட்டத்தட்ட இருமடங்கு தேவை. உலர்ந்த தாரில் இது பேச்சே இல்லை, அங்கே 0.7க்கு மேல் கிடைக்கும். மெழுகிய ஈரக் களிமண்ணில் நீங்கள் அந்த 0.27க்கு அக்கம்பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். கொஞ்சம் கூடினால் ஏறும், கொஞ்சம் குறைந்தால் ஏறாது. முதல் வண்டியும் மூன்றாவது வண்டியும் அந்தக் கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விழுந்துவிடுவது இதனால்தான். மேலே ஏறியவர் திறமைசாலி, ஏறாதவர் கத்துக்குட்டி என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

ஜூன் 9, மாலை

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். "சேறு" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், ஆனால் வண்டிக்கு அது நான்கைந்து வேறு பொருள்கள். எனக்கு மிகவும் பிடிக்காதது நாள் முழுக்கப் பெய்த மழை இல்லை, அரைமணி நேரத் தூறல். மேலே ஒரு விரல்கடை மட்டும் நனைந்து, கீழே கல் மாதிரிக் காய்ந்து கிடக்கும் களிமண். டயருக்குக் கடிக்க ஒன்றும் கிடைக்காது. வண்டி நேராக நிற்கும்போதே பின்பக்கம் மெல்ல ஒதுங்கும். அதே இடம் நன்றாக ஊறிவிட்டால் டயர் உள்ளே இறங்கி அடியில் எதையாவது பிடிக்கும். ஒல்லியான டயர் போட்ட பழைய வண்டிகள் சில சேறுகளில் அகல டயர்க்காரர்களை வெட்கப்பட வைப்பது இப்படித்தான். அவை மேல்சேற்றை வெட்டிக்கொண்டு கெட்டித் தரைக்குப் போய்விடும். கெட்டித் தரையே இல்லாத சதுப்பில் இதே ஒல்லி டயர் கிணறு தோண்டும்.

மணல் கலந்த மண்ணுக்கு மழை நல்லது. காய்ந்திருந்தால் புதைக்கும், நனைந்தால் இறுகும். இதே பயணம் மணல்பாங்கான தடத்தில் நடந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

ஜூன் 10

மட் டயர் வைத்திருந்தும் ஏன் மாட்டினார்கள் என்றால்: மட் டயரின் கட்டைகளுக்கு (தரையைக் கடிக்கும் ரப்பர்த் துண்டுகளுக்கு) நடுவே பெரிய இடைவெளி இருப்பது சேற்றை உதறுவதற்கு. உதற வேண்டுமானால் சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாக ஊர்ந்தால் அதுவும் அப்பிக்கொண்டு உருண்டையாகிவிடும். ஆல் டெரெய்ன் டயர் (எல்லாத் தரைக்கும் பொதுவானது) சீக்கிரம் அப்பும், மெதுவாகத்தான் உதறும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முன்சக்கரத்தைப் பாருங்கள். கட்டைகளின் விளிம்பு கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் டயர் இருக்கிறது. வழவழவென்று ஒரே பழுப்பாகத் தெரிந்தால் நீங்கள் அந்த நேரத்தில் வழுக்கை டயரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள், கொடுத்த விலை என்னவாக இருந்தாலும் சரி.

வீடு திரும்பும்போது நனைந்த தார்ச்சாலையில் கணக்கு மாறிவிடும். அங்கே மட் டயர்தான் மோசம். தரையில் படும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடும்.

ஜூன் 11

டயர் காற்றழுத்தம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சாலையில் 32 முதல் 36 பிஎஸ்ஐ வைத்திருக்கும் வண்டி, கல்லும் மண்ணும் கலந்த ஈரத் தடத்துக்கு 24, 26க்கு இறங்கலாம். ஆழமான சேறு என்றால் 18, 20. காற்றைக் குறைத்தால் டயர் பக்கவாட்டில் பிதுங்குகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் தரையில் படும் பகுதி முக்கியமாக நீளவாக்கில்தான் வளர்கிறது. டேங்கின் சங்கிலி போல நீண்டு படிவதுதான் அதன் லாபம். கூடவே டயர் வேருக்கும் கல்லுக்கும் வளைந்து கொடுக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் பல்லும் தப்பிக்கும்.

குறைத்துவிட்டு வேகமாகப் போகக் கூடாது. பக்கச்சுவர் சூடேறி டயர் கெடும். திரும்பித் தாருக்கு வந்ததும் மழை, இருட்டு, பசி, களைப்பு என்று என்ன காரணம் இருந்தாலும் காற்றடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கம்ப்ரசர் ஒன்று இருக்கிறது, வண்டி பத்து இருக்கிறது என்றால் அதற்கே ஒரு நேரம் ஒதுக்கியாக வேண்டும். இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

ஜூன் 11, இரவு

மேலே சொன்ன 18க்கு ஒரு வரம்பு போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பக்கச்சரிவில் போகும்போது, அல்லது ஆழமான பள்ளத்திலிருந்து ஸ்டியரிங்கைத் திருகி வெளியே வரும்போது, காற்று குறைந்த டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். சேற்றில் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சேறு புகுந்து நெம்புகிறது. கனமான வண்டியும் இலகுவான வண்டியும் ஒரே எண்ணில் இறங்கவும் கூடாது. ஒரு டன் சின்ன வண்டிக்கு 18 சாதாரணம். இரண்டரை டன் வண்டியில் ஆறு பேரும் சாமானும் என்றால் அதே 18ல் பக்கச்சுவர் மடிந்து கிடக்கும். மழையில் குனிந்து டயரின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அடுத்தவர் மீட்டரைப் பார்த்து வேண்டாம்.

ஜூன் 12

ஃபோர் லோவா (நான்கு சக்கர இழுப்பில் வேகம் குறைந்து விசை கூடும் கியர் வரிசை) ஃபோர் ஹையா (அதன் சாதாரண வேக வரிசை) என்று ஒருவர். ஏறுவதற்கு எது வேண்டுமானாலும் பொருந்தலாம். வழுக்குகிற மேட்டில் லோவில் முதல் கியர் போட்டால் முறுக்குவிசை கூடிப்போய்ச் சக்கரம் உடனே சுழலும். லோவில் இரண்டு அல்லது மூன்று நல்லது. இறங்குவதற்கு லோவில் முதல் கியர், பிரேக்கில் கால் வேண்டாம். சறுக்க ஆரம்பித்தால் மனது சொல்வதற்கு நேர்மாறாக ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட வேண்டும். சக்கரம் தரையின் வேகத்துக்கு உருண்டால்தான் ஸ்டியரிங் கேட்கும். பூட்டிக்கொண்டு வழுக்கும் சக்கரத்துக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான்.

இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்) பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. சாதாரண டிஃபில் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசைதான் போகும். ஒன்று அந்தரத்தில் சுழன்றால் மற்றதற்கும் அந்த அளவே. டிஃபைப் பூட்டும் லாக்கர் போட்டால் இரண்டும் சேர்ந்து சுற்றும். இப்போது வரும் வண்டிகளில் டிராக்ஷன் கண்ட்ரோல் சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு விசையை அடுத்த பக்கம் தள்ளுகிறது. அது வேலை செய்ய ஒரு நொடி எடுக்கும். "கிர்ர் கிர்ர்" என்று சத்தம் கேட்டதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இழுத்துவிடும்.

முன்பக்கம் லாக்கர் போட்டுக்கொண்டு பக்கச்சரிவில் போவது எனக்கு ஆகாது. இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகச் சுழன்றால் மூக்கு நேராகக் கீழே இறங்கிவிடும்.

ஜூன் 12, பிறகு

ஸ்டியரிங் என்றதும் நினைவுக்கு வந்தது. ஆழமான தடத்துக்குள் வண்டி போகும்போது ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தாலும் வண்டி தடத்தோடுதான் போகும். அதனால் முன்சக்கரம் எங்கே பார்க்கிறது என்பது ஓட்டுகிறவருக்கே மறந்துவிடும். முக்கால் சுற்று இடது பக்கம் திரும்பியிருக்கும், வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். தடம் முடிந்து கெட்டித் தரை வந்த அந்த நொடியில் சக்கரம் பிடித்துக்கொண்டு வண்டி இடது பக்க மரத்தை நோக்கிப் பாயும். எனக்கு முன்னால் போன வண்டி இப்படித் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டியவர் ஸ்டியரிங்கை அசைக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். உண்மைதான். அசைக்காததுதான் வினை.

எளிய வழி ஒன்று: காலையில் வண்டி நேராக நிற்கும்போது ஸ்டியரிங்கின் உச்சியில் ஒரு பட்டை டேப் ஒட்டிவிடுங்கள். பார்க்கக் கேவலமாக இருக்கும், இருக்கட்டும்.

ஜூன் 14

தண்ணீர். இதைத் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எந்த வண்டி எவ்வளவு ஆழத் தண்ணீரில் போகலாம் என்று நிறுவனங்கள் சொல்லும் எண்கள் எல்லாருக்கும் மனப்பாடம்: டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர், ஃபோர்டு ரேஞ்சர் 800, ஹைலக்ஸ் 700, தார் 650, ஜிம்னி 300. இவை அசையாத தண்ணீருக்கும் சமமான அடித்தரைக்கும் மெதுவான வேகத்துக்கும் சொன்னவை. மழை நாளில் ஓடையில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் உள்ள வண்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். வண்டியின் தரைத்தகட்டுக்கு மேலே ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும்போதும் அது 0.8 கனமீட்டர் தண்ணீரை ஒதுக்குகிறது, அதாவது 800 கிலோ எடை குறைகிறது. கதவு இறுக்கமாக மூடிய இரண்டு டன் வண்டி, தகட்டுக்கு மேல் 25 சென்டிமீட்டர் தண்ணீர் வந்தாலே மிதக்கத் தயார். மிதக்கும் வரைகூடப் போக வேண்டாம். பாதி எடை குறைந்தால் பாதிப் பிடிப்பு போயிற்று, ஆற்றின் தள்ளுவிசையோ முழுசாக இருக்கிறது. அந்த விசை நீரோட்ட வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஓட்டம் இருமடங்கானால் தள்ளு நான்கு மடங்கு. என்ஜின் முன்னால் இருப்பதால் முதலில் தூக்குவது பின்பக்கம். அது ஓட்டத்தோடு சுழன்று போகும், வண்டி குறுக்காக நிற்கும், அப்புறம் தள்ளுவதற்கு இன்னும் அகலமான பக்கம் கிடைத்துவிடும்.

அமெரிக்க தேசிய வானிலை சேவை சொல்லும் எச்சரிக்கை இதோடு பொருந்துகிறது: ஓடும் வெள்ளம் ஓரடி இருந்தால் சின்னக் கார்களை இழுத்துவிடும், இரண்டடி இருந்தால் பெரும்பாலான வண்டிகளை, எஸ்யூவியையும் சேர்த்து.

கிளப் நாளில் இதில் இன்னொரு சிக்கல். பத்து வண்டி கடப்பதற்குள் ஓடையே ஏறிவிடலாம். உங்கள் தலைக்கு மேல் மழை விட்டிருக்கலாம், மேற்புறத்தில் எங்கோ பெய்தது இப்போதுதான் வந்து சேரும். முதல் வண்டி முழங்கால் ஆழத்தில் போயிருக்கும். கரையில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் தொடும் இடத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் அதைப் பார்க்க வேண்டும். கோடு மூழ்கிவிட்டால் மிச்சம் பேர் இந்தக் கரையிலேயே நிற்க வேண்டும், கடந்தவர்கள் திரும்பி வர வேறு வழி இருக்கிறதா என்பதை முதல் வண்டி இறங்குவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். இப்படிப் பேசிவிட்டு இறங்கிய கிளப் பயணங்கள் மிகக் குறைவு.

நடந்து பார்க்க முடியாத தண்ணீரில் வண்டியை இறக்காதீர்கள். இழுப்பு பலமாக இருந்தால் நடந்தும் பார்க்காதீர்கள்.

ஜூன் 14, இரவு

ஸ்நார்க்கல் (என்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) போட்டிருந்தால் பயமில்லையே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஸ்நார்க்கல் என்ஜினுக்கு மூச்சு கொடுக்கும், வண்டிக்கு எடை கொடுக்காது.

ஸ்நார்க்கல் இல்லாமல் தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல். ஒரு சிலிண்டர் 500 சிசி. அமுக்க விகிதம் 16 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 மில்லி. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் தண்ணீர் போனால் போதும், அது அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராட் வளையும். தண்ணீரில் நின்றுபோன வண்டிக்குச் சாவியைத் திருப்பாதீர்கள் என்று சொல்வது இதற்குத்தான். வெளியே இழுத்து, இன்ஜெக்டரையோ பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மறுபடி ஸ்டார்ட்.

ஜூன் 15

"அப்படியானால் மழையில் போகவே கூடாதா, வீட்டில் உட்கார்ந்து வண்டிக்கு மெழுகு தேய்க்கலாமா?" என்கிறீர்கள். தேய்க்கலாம், வண்டிக்கு நல்லது. இல்லை, போகலாம். அடுத்து எழுதுகிறேன்.

ஜூன் 17

எழுதுவதாகச் சொன்னது. அதற்கு முன் மீட்பு பற்றி, ஏனென்றால் மழை நாள் கெடுவது அங்கேதான்.

மாட்டிய வண்டியை ஸ்ட்ராப்பால் (இழுவைப் பட்டையால்) இழுப்பதற்கு முன்னால் மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றுச் சுவரையும் ஆக்சிலுக்கு அடியில் இருக்கும் மண்ணையும் எடுத்துவிட்டால் தேவைப்படும் இழுவிசை பெருமளவு குறைந்துவிடும். மழையில் நனைந்துகொண்டு தோண்ட யாருக்கும் பிடிக்காது, அதனால் எல்லாரும் இழுத்துப் பார்ப்போம் என்பார்கள். முதலில் லேசாக, அப்புறம் கொஞ்சம் வேகமாக, அப்புறம் "இன்னும் கொஞ்சம் ஓடி வந்து இழு". விபத்துகள் இந்த மூன்றாவது கட்டத்தில் நடக்கின்றன.

நைலான் ஸ்ட்ராப் இருபது சதவீதம் வரை நீளும், கைனடிக் கயிறு முப்பது வரை. அந்த நீட்சியில் சேர்ந்த விசைதான் வண்டியை வெளியே பிடுங்குகிறது. நைலான் தண்ணீரைக் குடித்தால் பலத்தில் பத்து முதல் இருபது சதவீதம் இழக்கும், அதனால் உலர்ந்த நாளில் போதுமாக இருந்த ஸ்ட்ராப்பை இன்று அதே நம்பிக்கையோடு இழுக்கக் கூடாது. சேற்று மணல் நூலுக்குள் புகுந்திருந்தால் உள்ளிருந்தே அறுக்கும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும்.

டோ பாலில் மாட்டாதீர்கள். டிரெய்லர் இழுப்பதற்கான அந்த உருண்டை, ஸ்ட்ராப்பின் திடீர் விசைக்காகச் செய்யப்பட்டதல்ல. பிய்ந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்ட, இதற்கென்றே செய்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று காலையில் உலர்ந்த தரையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி புதைந்த பிறகு அதைத் தேடிச் சேற்றுக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவுபவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வாய் வலித்திருக்கிறது. ஸ்ட்ராப்பைக் கொக்கியோடு கோக்கும் வளையமான ஷாக்கிளைக் கீழே போட்டால் அதையும் மறந்துவிட வேண்டியதுதான்.

வேடிக்கை பார்ப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். மழை வந்தால் ஆட்கள் வண்டிகளை ஒட்டி ஒதுங்குவார்கள், அதுவும் இழுக்கிற வண்டியை ஒட்டியே.

ஜூன் 17, தொடர்ச்சி

வின்ச் பற்றி இரண்டு வரி. அதன் மேல் எழுதியிருக்கும் எண், கயிறு சுற்றிய டிரம்மில் கடைசி அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைப்பது. கயிறு அடுக்கடுக்காக மிச்சமிருந்தால் விசை குறையும். மரம் பக்கத்தில் இருந்தால் கப்பி போட்டுக் கயிற்றை மடித்து இழுங்கள். விசை ஏறத்தாழ இருமடங்கு, வேகம் பாதி, மோட்டாரும் சூடேறாது. முழுப் பளுவில் 400 ஆம்பியர் வரை குடிக்கும், என்ஜினை ஓடவிட்டே இழுக்க வேண்டும்.

ஜூன் 18

இப்போது போகலாமா என்ற கேள்வி.

என்னைக் கேட்டால், ஈர நாளில் கிளப் பயணத்தைத் தீர்மானிப்பது வண்டியும் இல்லை, டயரும் இல்லை. எத்தனை வண்டி, எவ்வளவு வெளிச்சம் மிச்சம், இந்த இரண்டும்தான். ஒரு வண்டியை ஒழுங்காக மீட்க அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வண்டியில் நான்கு மாட்டினால் இரண்டு மணி நேரம் போயிற்று. ஒவ்வொரு மீட்பும் தடத்தை இன்னும் கெடுக்கிறது, அதனால் அடுத்தது மாட்டும் வாய்ப்பும் கூடுகிறது. காலையில் மூன்று மணி நேரம் என்று போட்ட தடம் மாலை ஆறுக்கும் முடிவதில்லை. உலர்ந்த நாளின் திட்டத்தில் பாதித் தூரம், பாதி வண்டி. எட்டு வண்டிக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரித்து வேறு வேறு தடத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரே தடத்தில் ஒரு மணி நேரம் விட்டு அனுப்புவது பிரிப்பது ஆகாது, இரண்டாவது குழுவுக்கு முதல் குழு உழுதுவைத்த வயல்தான் கிடைக்கும்.

திரும்பும் நேரம் என்று ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு மணி என்றால் இரண்டு மணி. எங்கே இருக்கிறோம் என்பது அப்புறம்.

ஜூன் 19

வரிசையைப் பற்றி. நேற்று எழுதிவிட்டுப் படுத்தபிறகு தோன்றியது, உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் இருக்கிறது.

சாதாரண டயர்க்காரரை முன்னால் விட்டது தற்செயல் என்று நினைக்கிறீர்களா? ஏற்பாடு செய்தவர் விஷயம் தெரிந்தவராக இருந்தால், வேண்டுமென்றே விட்டிருப்பார். பலவீனமான வண்டிக்குப் புதுத் தரை, பலமான வண்டிக்கு உழுத தரை. அதாவது மட் டயரும் லாக்கரும் வைத்திருந்தவர்களுக்குக் கடினமான மேடு கொடுக்கப்பட்டது, அவர்கள் அதைக் கேட்காமலே.

இதற்கு எதிர்வாதமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்வண்டி வழி கண்டுபிடிக்க வேண்டும், விழுந்த மரத்தைப் பார்க்க வேண்டும், திரும்பலாமா என்று முடிவெடுக்க வேண்டும். புதியவர் கையில் அதைக் கொடுக்க முடியாது. அதனால் நான் விரும்பும் வரிசை: அனுபவசாலி ஒருவர் முன்னால், அவர் கூட்டத்திலேயே இலகுவான வண்டியில் வந்தால் நல்லது, தரையைக் குறைவாகக் கெடுப்பார். இரண்டு, மூன்றாவது இடங்களில் சாதாரண டயர்க்காரர்கள். நடுவில் மற்றவர்கள். வாலில் வின்ச்சும் பொறுமையும் உள்ள வண்டி. மூன்று டன் வண்டி முன்னால் போய்த் தன் பராக்கிரமத்தைக் காட்ட விரும்பினால், அவருக்கு மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் இடம் ஒதுக்கலாம்.

கூடவே: ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குப் பொறுப்பு. திருப்பத்தில் பின்வண்டியின் விளக்கைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. இந்த ஒரு பழக்கம் ஒழுங்காக இருந்தால் ரேடியோ கெட்டுப்போனாலும் யாரும் தொலைய மாட்டார்கள்.

ஜூன் 21

"மலேசியாவில் மழைக்காலத்தைத் தேடிப்பிடித்துப் போட்டி நடத்துகிறார்களே" என்று ஒருவர். ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச், 1997 முதல். அது போட்டி. அங்கே நாட்கணக்கில் காட்டில் கிடக்கத் தயாராக, முன்னும் பின்னும் வின்ச்சோடு வருகிறார்கள். மறுநாள் வேலைக்குப் போகிறவர்களும் பின்சீட்டில் குழந்தையோடு வருகிறவர்களும் அதைப் பார்த்து அளவெடுக்க வேண்டாம்.

தடத்தின் பக்கம் நின்றும் பேசியாக வேண்டும். ஈரத்தில் விழுந்த சக்கரத்தடம் அடுத்த மழைக்கு வாய்க்கால் ஆகும். தண்ணீர் பக்கவாட்டில் வடியாமல் அதற்குள்ளேயே ஓடி ஆழப்படுத்தும். அடுத்து வருபவர் பள்ளத்தைத் தவிர்க்க ஓரமாகப் போவார், ஓரமும் பள்ளமாகும். கொஞ்ச காலத்தில் ஒரு வண்டி அகலத் தடம் நான்கு வண்டி அகலமாகக் கிடக்கும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் குளிர்கால மழை மாதங்களில் பல காட்டுத் தடங்களை ஆண்டுதோறும் கதவு போட்டு மூடுகிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் காரணம் இன்னொன்று: ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் ஈர மண்ணோடு டயரில் ஒட்டிக்கொண்டு போய் வேரை அழுகவைக்கிறது, காடுகள் பட்டுப்போகின்றன. ஒரு கைப்பிடிச் சேறு போதும். அமெரிக்க வனத்துறை 1985ல் "ட்ரெட் லைட்லி" (மெல்ல மிதி) என்று இயக்கம் தொடங்கியதும் வண்டிக்காரர்களை விரட்டுவதற்கு இல்லை, தடங்களை மூடாமல் காப்பாற்றுவதற்குத்தான்.

ஆக "போகலாமா" என்பதற்கு என் பதிலில் இதுவும் சேர்கிறது. கல்தரைத் தடம் என்றால் போகலாம். களிமண் மேடு என்றால், மூன்று நாள் மழைக்குப் பிறகு கிளப்பாகப் போகவே வேண்டாம். முன்பு சேறு என்றால் எனக்குக் கொண்டாட்டம். இப்போது ஒரு மேட்டைப் பார்த்தால் எட்டாவது வண்டிக்குப் பிறகு அது எப்படி இருக்கும் என்றுதான் முதலில் தோன்றுகிறது. வயசாகிவிட்டது என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

ஜூன் 24

பயணத்துக்குப் பிறகு சாலையில் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறுகிறது, அலைன்மென்ட் போய்விட்டதா என்று கேட்டவருக்கு: முதலில் சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சேறு காய்ந்து ஒட்டியிருக்கும். அரைக்கிலோ இருந்தாலே அந்த ஆட்டம் ஆடும். சுரண்டி எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், பட்டறைக்குப் பிறகு போகலாம்.

ஜூன் 24, மறுபடி

சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே பிரேக் பேடையும் பாருங்கள். மணல் கலந்த சேறு பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டால் ஒரே நாளில் பல மாதத் தேய்மானம் நடந்துவிடும். ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேற்றைக் குறைந்த அழுத்தத் தண்ணீரில், என்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி அடியுங்கள், இல்லையென்றால் முதல் வெயில் நாளில் வண்டி கொதிக்கும்.

தண்ணீரைக் கடந்தவர்கள் டிஃப் ஆயிலைப் பார்த்தாக வேண்டும். சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, காற்று போய்வரும் பிரீதர் குழாய் தாழ்வாக இருந்தால் அதன் வழியாகவும், சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் ஊற்றும் துளையின் ஃபில்லர் போல்ட்டைக் கழற்றி ஒரு விரலை விட்டு எடுங்கள். தேன் நிறத்தில் வந்தால் மூடிவிடலாம், பால் கலந்த மாதிரி வந்தால் அன்றே மாற்றுங்கள்.